பாஸ் மார்க்

அக்கா மகளுக்குப் பதினெட்டு முடிந்த மறு வாரமே வண்டி ஓட்டும் ஆசை வந்துவிட்டது. அதற்கு முன்பே ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள், அது ஊரறிந்த ரகசியம். சட்டப்படி ஓட்டும் ஆசை என்று திருத்திக்கொள்கிறேன். எல்.எல்.ஆர். எடுக்க வேண்டும். அதற்குப் பரீட்சை உண்டு. பரீட்சைக்கு ஒரு புத்தகமும் உண்டு: ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் விற்கும், ஓரம் கோணலாக வெட்டிய, மை விரலில் ஒட்டுகிற ஒல்லிப் புத்தகம். முக்கால்வாசி சாலைக் குறியீடுகள். வட்டம், முக்கோணம், கட்டம். இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தாள். மூன்றாம் நாள் என் மானத்தை வாங்க ஆரம்பித்தாள்.

“மாமா, நீல வட்டம், சிவப்பு விளிம்பு, குறுக்க ஒரு கோடு. என்ன?”

“வண்டி நிறுத்தக் கூடாது.”

“சரி. அதே வட்டத்துல ரெண்டு கோடு, பெருக்கல் குறி மாதிரி?”

“ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாது.”

அவள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு கோடு என்றால் வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாது. இரண்டு கோடு என்றால் நிற்கவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட. முப்பது வருஷமாக ஓட்டுகிறவனுக்கு இது தெரியாது. தெரியாமலே ஆயிரம் பேரை அந்தப் பெருக்கல் குறிக்குக் கீழே இறக்கிவிட்டிருக்கிறேன். மழைக்கு ஒதுங்க அந்தக் கம்பம் வசதியாக இருக்கும்.

என் லைசென்ஸ் 1994இல் வாங்கியது. பிரேக் இன்ஸ்பெக்டர் சுவரில் தொங்கிய அட்டையில் கம்பால் ஒரு படத்தைத் தொட்டார். எனக்குப் பின்னால் நின்ற டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் “பள்ளிக்கூடம்” என்று இருமினார். நானும் “பள்ளிக்கூடம்” என்றேன். முடிந்தது பரீட்சை. அந்த மாஸ்டர் புண்ணியவான், கடைசிவரை எங்களுக்கு நடத்திய பாடம் மூன்றே வரி: “செவப்பு வட்டம்னா கூடாது, முக்கோணம்னா பாத்துப் போ, நீலக் கட்டம்னா சும்மா.” இந்தியப் போக்குவரத்துச் சட்டத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரை இன்னும் யாரும் எழுதவில்லை. அதன்பிறகு இரண்டு தடவை லைசென்ஸைப் புதுப்பித்தாயிற்று. ஒரு டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். கண் தெரிகிறதா என்று பார்த்தார்கள். கண்ணில் படுவது இன்னதென்று தெரிகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கேட்பது கம்ப்யூட்டர். இருமி உதவ மாஸ்டருக்கு இடமில்லை என்று நினைத்தால் நீங்கள் நம் மக்களின் திறமையைக் குறைத்து மதிக்கிறீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆவது விதிதான் இந்தப் பரீட்சைக்குத் தாய். குறியீடுகள், சாலை விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியவை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை ஆகியவற்றில் அறிவு வேண்டும். நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் பாஸ். அதாவது பத்துக்கு நாலு தெரியாமல் போகலாம். ‘நில்’, ‘வழி விடு’, ‘முந்தத் தடை’, ‘நுழையத் தடை’ என்ற நான்கும் தெரியாத ஒருவர், மற்ற ஆறைச் சரியாகச் சொல்லிவிட்டு, அரசு முத்திரையோடு நம் எதிரே வரலாம். வந்துகொண்டும் இருக்கிறார். தினமும் சந்திக்கிறோம்.

புத்தகத்தின் பின்பாதியில் கேள்விகள். ஒன்றைப் படித்தாள். பாதசாரிகள் சாலையைக் கடக்கக் காத்திருக்கிறார்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? ஹாரன் அடித்துக்கொண்டு போவேன் என்று ஒரு விடை. கொஞ்சம் மெதுவாகி, ஹாரன் அடித்துக்கொண்டு போவேன் என்று ஒரு விடை. நிறுத்தி, அவர்கள் கடந்தபின் போவேன் என்பது மூன்றாவது. குறுகிய பாலம், எதிரே ஒரு வண்டி பாலத்தில் ஏறப் போகிறது, என்ன செய்வீர்கள்? வேகத்தைக் கூட்டி முந்திக்கொள்வேன். விளக்கைப் போட்டுக்காட்டிப் போவேன். காத்திருப்பேன். இப்படியே பக்கம் பக்கமாக. இந்தக் கேள்விகளை எழுதியவர் யாரோ, அவர்மேல் எனக்குப் பெரும் மரியாதை வந்துவிட்டது. நம் சாலையை இவ்வளவு நுட்பமாகப் படம்பிடித்த எழுத்தாளர் வேறில்லை. என்ன, உண்மையை எல்லாம் தவறான விடைகளில் எழுதி வைத்திருக்கிறார்.

“மாமா, புத்தகத்துல பாத்தது போதும். நெசத்துல காட்டுங்க” என்றாள். ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கிளம்பினேன். எங்கள் ஊர் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியது. டவுனுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். போகும் வழியில் குறியீடு கண்டுபிடிக்கும் விளையாட்டு. பறவை பார்க்கப் போகிறவர்கள் பைனாகுலரோடு போவார்களே, அந்த மாதிரிப் பொறுமை வேண்டும் இதற்கு.

முதலில் கிடைத்தது ஒரு கம்பம். தகடு இல்லை. குறியீட்டுத் தகடு அலுமினியம், காயலான் கடையில் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எந்த எச்சரிக்கை எந்தக் குடிமகனின் இரண்டு குவார்ட்டர் ஆயிற்றோ தெரியாது. கம்பத்தில் ஒரு கட்சிக் கொடி கட்டியிருந்தது. அடுத்தது வேப்பமரத்துக்குள் இருந்தது. காற்றடித்தால் கிளை விலகி ஒரு கணம் சிவப்பு விளிம்பு தெரியும். முந்தாதே என்கிறதா, ஹாரன் அடிக்காதே என்கிறதா என்று பார்ப்பதற்குள் இலை மூடிவிடும். மூன்றாவது எண்கோணத் தகடு, உலகம் முழுக்க ‘நில்’ என்று பொருள்படும் வடிவம். அதன் மேல் ஒரு டியூஷன் சென்டர் ஸ்டிக்கர். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று போட்டிருந்தது. நிற்கச் சொல்லும் இடத்தில் நின்று படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேராகத்தான் இருப்போம்.

அப்புறம் பேனர். காது குத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் வருகை, தலைவருக்குப் பிறந்தநாள், தலைவரின் மகனுக்குப் பிறந்தநாள். வேகம் 40 என்ற வட்டத்தின் இடத்தில் ஓர் அண்ணன் கும்பிட்டபடி நின்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 119ஆம் பிரிவு ஓட்டுநர் குறியீட்டுக்குப் பணிய வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 116ஆம் பிரிவு, குறியீட்டை மறைக்கும் விளம்பரத்தை அகற்றக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுக்கிறது. முதல் பிரிவை அமல்படுத்த ஹெல்மெட் போடாத பால்காரர் இருக்கிறார். இரண்டாம் பிரிவை அமல்படுத்த அந்த அண்ணனின் முகத்தைத் தொட வேண்டும். எந்த அதிகாரிக்குக் குடும்பம் இல்லை? 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண்மீது ஒரு கல்யாணப் பேனர் சரிந்தது. நிலைதடுமாறி விழுந்தவள்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அவள் எந்தக் குறியீட்டையும் மீறவில்லை. உயர்நீதிமன்றம் கொதித்தது, கட்சிகள் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. அந்த அறிக்கைகளையும் பேனராக அடித்து வைத்திருந்தால் ஒருவேளை இன்றுவரை கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பும்போது அந்த வளைவு. எங்கள் ஊர் ஆட்கள் அதற்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை, ‘வளைவு’ என்றாலே அதுதான். அங்கே முக்கோணத் தகடு ஒன்று நிஜமாகவே இருக்கிறது. வளைந்த அம்புக்குறி உள்ளே இருக்க வேண்டும். நாங்கள் போனபோது அம்புக்குறியின்மேல் ஒரு ‘கண்ணீர் அஞ்சலி’ ஒட்டியிருந்தது. பக்கத்து ஊர்ப் பையன். சட்டைக் காலரைத் தூக்கிவிட்ட போட்டோ. தோற்றம், மறைவு, இப்படிக்கு நண்பர்கள். அவன் விழுந்தது அந்த வளைவிலேதான். எச்சரிக்கையைக் காணாமல் செத்தவனின் முகத்தை எச்சரிக்கையின்மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். அக்கா மகள் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை. நல்ல பசை.

“இதுக்குப் புத்தகத்துல அர்த்தம் இருக்கா மாமா?”

நான் வண்டியைக் கிளப்பினேன்.

வேகத்தடையைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஒரு பெரிய அமைப்பு இருக்கிறது. சாலை அமைப்பதற்கான இலக்கணத்தை எழுதுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய 99ஆம் நெறிமுறை வேகத்தடைக்கானது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆர வளைவு, மணிக்கு 25 கிலோமீட்டரில் போனால் முதுகு வலிக்காமல் ஏறி இறங்க வேண்டும். 40 மீட்டருக்கு முன்பே எச்சரிக்கைத் தகடு வைக்க வேண்டும். படித்துப் பாருங்கள், தாலாட்டு மாதிரி இருக்கும். இனி நடைமுறை. ஒரு சாவு விழும். ஊர் சாலை மறியல் செய்யும். தாசில்தார் வருவார், டி.எஸ்.பி. வருவார், பேச்சுவார்த்தை நடக்கும். அன்று ராத்திரியே ஒரு டிராக்டர் ஜல்லி வந்து இறங்கும். காலையில் பார்த்தால் அம்மிக்கல்லைக் கவிழ்த்துப் போட்டது போல ஒன்று சாலையில் கிடக்கும். வெள்ளைக் கோடு இல்லை, தகடு இல்லை. அன்று இரவு வெளியூர்க்காரர் ஒருவர் அதில் பறப்பார். முதல் சாவுக்குப் பரிகாரமாகப் போட்ட மேட்டில் இரண்டாம் சாவு. அப்புறம் அந்த மேட்டை எடுக்கச் சொல்லி ஒரு மறியல்.

புத்தகத்தில் உள்ளது சாலையில் இல்லை, சாலையில் உள்ளது புத்தகத்தில் இல்லை. ஆளில்லா ரயில்வே கேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அகல ரயில் பாதையில் இருந்த ஆளில்லா கேட்டுகள் எல்லாவற்றையும் 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டதாக ரயில்வே பெருமையோடு அறிவித்தது. நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் 11ஆவது விதியில் அந்தக் கேட் இன்னும் திறந்தே கிடக்கிறது, நம் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து கடந்துகொண்டிருக்கிறார்கள். இருட்டில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் கரும்பு டிராக்டருக்குக் குறியீடு உண்டா? வண்டிக்கு வெளியே ஒன்றரை ஆள் நீளம் நீட்டிக்கொண்டு போகும் இரும்புக் கம்பிக்கு? எதிர்த்திசையில், அதுவும் நம்மை முறைத்துக்கொண்டு வருகிறவருக்கு? (அந்தக் கடைசி ஆள் பல நாள் நானேதான். யூ-டர்ன் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, என்ன செய்ய.) 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்கு வெட்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் செத்தார். நடந்து போனவர். நடப்பவர்களுக்கு எல்.எல்.ஆர். இல்லை, பரீட்சை இல்லை. பள்ளத்துக்கு முன்னால் ஒரு தடுப்பு வைப்பவர்களுக்கும் பரீட்சை இல்லை. அந்த வருஷம் நாடு முழுக்கச் சாலையில் இறந்தவர்களில் 19.5 சதவீதம் பேர் பாதசாரிகள் என்று மத்திய அரசின் அறிக்கையே சொல்கிறது. ஐந்தில் ஒருவர்.

பரீட்சைக்கு முதல்நாள் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம், படிவத்தைப் பதிவு செய்ய. அங்கிருந்த பையனுக்கு எங்கள்மேல் இரக்கம். “எதுக்குண்ணா ஆபீஸுக்கு அலையறீங்க? ஆன்லைன்லயே எழுதலாம். தங்கச்சி மூஞ்சிய மட்டும் கேமராவுல காட்டட்டும். மீதிய நான் பாத்துக்கறேன்.” 2021 மார்ச்சில் மத்திய அரசு எல்.எல்.ஆர். உள்ளிட்ட 18 சேவைகளை ஆதார் வழியாக, அலுவலகம் வராமலே பெறலாம் என்று அறிவித்தது. தொடர்பில்லாச் சேவை என்று அதற்குப் பெயர். பெயர் சரிதான். முகம் ஒருவருடையது, விரல் இன்னொருவருடையது. பின்னால் வண்டி ஓட்டப் போகிறவருக்கும் பரீட்சைக்கும் தொடர்பே இல்லை. என் மாஸ்டர் பாவம், இருமித் தொண்டை வறண்டார். இவனுக்குத் தொண்டைக்கும் வேலையில்லை.

நாட்டில் உள்ள லைசென்ஸ்களில் 30 சதவீதம் போலி என்று சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே பலமுறை சொல்லியிருக்கிறார். அமைச்சர் சொல்லிவிட்டார் என்றால் அடுத்து என்ன நடக்கும்? அமைச்சர் மறுபடி சொல்வார். உலக மாநாடுகளில் விபத்துப் பேச்சு வந்தால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று 2024 டிசம்பரில் மக்களவையில் சொன்னார். வெளிப்படையான மனிதர், அதை மறுக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் அந்தத் துறையை வைத்திருந்தவர் முகத்தை மறைத்துக்கொண்டால், இரண்டு வருஷம் ஒரு டிவிஷனைப் பார்த்துவிட்டு மாற்றலாகிப் போகும் என்ஜினீயர் எதை மறைத்துக்கொள்வது?

பையனிடம் வேண்டாம் என்றோம். அவன் எங்களை ஒரு மாதிரி பார்த்தான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு பலகையைத் தேடினேன், இல்லை. நம் நெடுஞ்சாலைகளில் அதிகம் தென்படுவது அந்தப் பலகைதான்: ‘விபத்துப் பகுதி, மெதுவாகச் செல்லவும்.’ சில இடங்களில் மண்டை ஓடும் குறுக்கெலும்பும் போட்டிருப்பார்கள். முப்பது வருஷமாக அதைக் கடந்து போகிறேன், அன்றைக்குத்தான் அது என்ன சொல்கிறதென்று உறைத்தது. இங்கே ஆட்கள் சாகிறார்கள், அது எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட்டோம். அவ்வளவுதான். வளைவை நிமிர்த்தவில்லை, சரிவைக் குறைக்கவில்லை, விளக்குப் போடவில்லை, பலகை போட்டார்கள். கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் ‘இங்கே கிணறு’ என்று எழுதிவைக்கும் வீட்டுக்காரனை ஊரில் என்ன சொல்வோம்? இங்கே அவன்தான் நமக்குப் பரீட்சை வைக்கிறான். இனிமேல் நீங்கள் அங்கே செத்தால் அது உங்கள் கவனக்குறைவு. எச்சரித்தோமே, பலகையைப் பார்க்கவில்லையா, குறியீடு படித்துப் பாஸானவர்தானே?

தொப்பூர் கணவாயைத் தெரியாத சேலம், தருமபுரிக்காரர் கிடையாது. பெங்களூரிலிருந்து வரும் கனரக லாரிகள் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் அந்த மலைச்சரிவில் இறங்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவார்கள், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், இரட்டைப் பாலம் அருகே முன்னால் போகிற வண்டிகள்மேல் ஏறும். 2024 ஜனவரியில் ஒரே விபத்தில் 4 பேர். அந்தச் சரிவில் பலகைக்குப் பஞ்சமில்லை. வளைவு, சரிவு, விபத்துப் பகுதி, குறைந்த கியரில் செல். டிரைவர்மேல் தப்பில்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் ஒரே இடத்தில், ஒரே விதமாக, வருஷக்கணக்கில், வேறு வேறு மாநிலத்து டிரைவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் தப்பு செய்தால், தப்பு செய்வது டிரைவரா இடமா என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும்.

அதையும் கேட்டிருக்கிறார்கள். கேட்டு, இடத்துக்கும் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். இதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இலக்கணப்படி, தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளமுள்ள ஓர் இடம் ‘கரும்புள்ளி’ என்று பெயர் வாங்க வேண்டுமானால், கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கே சாவோ கொடுங்காயமோ ஏற்பட்ட விபத்துகள் 5 நடந்திருக்க வேண்டும். அல்லது 10 பேர் செத்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் அந்த இடம் பட்டியலில் ஏறும், ஆய்வு வரும், மதிப்பீடு போவார்கள், நிதி கேட்பார்கள்.

மறுபடி படித்துப் பாருங்கள். நான்கு விபத்து, ஒன்பது பிணம் என்றால் அந்த இடம் ஃபெயில். இன்னும் ஒரு ஆள் தேவை. அந்தப் பத்தாவது ஆள் யார் என்று அவருக்கே தெரியாது. இந்நேரம் எங்கோ டீக்கடையில் நின்று சில்லறை வாங்கிக்கொண்டிருப்பார். இன்னொரு நயமும் இருக்கிறது இதில். கணக்கு மூன்று காலண்டர் ஆண்டுக்குத்தான். அதற்கு முன்னால் செத்தவர்கள் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுவார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு அவசரப்பட்டுச் செத்தவர் தன் சாவை வீணாக்கிக்கொண்டார். எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம் ஆயுள், செத்தவருக்கு மூன்று வருஷம்.

கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுவது பழைய கிராமத்துத் தண்டனை. குற்றவாளிக்குக் குத்துவார்கள். இப்போது புள்ளி சாலைக்கு. கழுதையில் ஏற வேண்டியவர் ஏ.சி. ஜீப்பில் அந்தப் பலகையைக் கடந்து போகிறார்.

அவரைத் தண்டிக்கச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சாலையை வடிவமைப்பவரோ போடுபவரோ பராமரிப்பவரோ விதிப்படி செய்யாமல், அதனால் சாவோ ஊனமோ ஏற்பட்டால், அபராதம். எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய் வரை. வரை என்ற சொல்லைக் கவனியுங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் எனக்கு 5,000, யாரும் சாகத் தேவையில்லை. ஒரு சாலையையே கொலைக்களமாகப் போட்டவருக்கு, ஆள் செத்த பிறகு, அதிகபட்சம் என் அபராதத்தைப் போல இருபது மடங்கு. அந்த ஒரு லட்சத்தையாவது எந்தக் காண்ட்ராக்டராவது கட்டியதாக நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், அவரை நேரில் பார்த்து மாலை போட ஆசை. 2013 முதல் 2017 வரை பள்ளங்களால் மட்டும் 14,926 பேர் இறந்ததைக் கண்டு உச்சநீதிமன்றமே 2018இல் அதிர்ந்தது. அதிர்ச்சி ஓய்ந்தது. பள்ளம் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. 2022இல் 64,105 விபத்து, நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884. ஒரு நாளைக்கு 49 பேர். தினமும் காலையில் ஒரு டவுன் பஸ் நிறைய ஆள் ஏறுகிறார்கள், ஒருவரும் இறங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஒரு பஸ் அப்படிக் காணாமல் போனால் அரசாங்கம் கவிழும். தினமும் போனால் அது புள்ளிவிவரம், ஜனவரி மாதத்தில் ‘சாலைப் பாதுகாப்பு’ விழா நடத்தி, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்து, முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்து அனுப்பிவிடலாம். பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காகச் சிவப்பு, மஞ்சள், பச்சை வரைவார்கள். எங்கள் ஊர் நாற்சந்தியில் மூன்று வருஷமாக மஞ்சள் மட்டும் சிமிட்டுகிறது.

பரீட்சைக்கு அக்கா மகள் தனியாகவே உள்ளே போனாள். வாசலில் நான், ஜெராக்ஸ் கடை, இரண்டு புரோக்கர்கள், கன்று போட்ட ஒரு மாடு. ஆபீஸ் சுவரை ஒட்டிப் பார்க்கிங் தடைத் தகடு, ஒற்றைக் கோடு. இப்போது எனக்கு அர்த்தம் தெரியும். அதன் கீழே பதினான்கு பைக்குகள், துறை முத்திரை போட்ட ஒரு ஜீப்.

கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது.

“எது போச்சு?”

“ஆளில்லா ரயில்வே கேட் மாமா. நான் பாத்ததே இல்லையே, எப்படித் தெரியும்?”

கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் ‘எல்’ ஒட்டி, அவளை ஓட்டவிட்டுப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். என்னைவிட நன்றாகத்தான் ஓட்டினாள். பேனருக்குப் பின்னால் இருந்த வட்டத்தை நினைவு வைத்துக்கொண்டு 40இல் போனாள், பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலேயே அவளைத் திட்டித் தீர்த்தார். வளைவு வந்ததும் வேகத்தை இன்னும் குறைத்தாள். ‘கண்ணீர் அஞ்சலி’ பாதி வெளுத்திருந்தது, காலர் மட்டும் தெரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போன வருஷம் இங்கே இரண்டு, இந்த வருஷம் அந்தப் பையன். மூன்று விபத்து, மூன்று சாவு. பட்டியலில் ஏற இன்னும் இரண்டு வேண்டும்.